பள்ளி மூடியிருந்தபோது தொலைந்தது எது? கற்றல் இழப்பு: ஓர் எளிய விளக்கம்

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் கணக்கு நோட்டு சில நாள் என் மேசையில் இருந்தது. தேதி, மார்ஜின், அடிக்கோடு எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒரு பக்கத்தில் 529ஐ 23ஆல் வகுத்திருந்தாள். அவளுக்குக் கிடைத்த விடை 26, மீதி 11. சரியான விடை 23, மீதி இல்லை. கணக்கின் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் 'வகுத்தல் பயிற்சி தேவை' என்று ஒரு குறிப்பு.

அவள் செய்ததைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். 52இல் 23 இரண்டு முறை போகும், அதாவது 46. சரி. அடுத்து 52இலிருந்து 46ஐக் கழிக்க வேண்டும். அங்கே 14 என்று எழுதியிருந்தாள். 5இல் 4 போனால் 1. 2இல் 6 போகாது, அதனால் திருப்பிப் போட்டு 6இல் 2ஐக் கழித்து 4. ஆக 14. அதற்குப் பிறகு 9ஐ இறக்கி 149 ஆக்கி, ஆறு முறை போகும் என்று கண்டு, 138ஐக் கழித்து, 11 மீதி என்று முடித்திருந்தாள். அந்த ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லாப் படிகளும் சரி. வகுத்தல் அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. தெரியாதது கடன் வாங்கிக் கழித்தல். அது இரண்டாம் வகுப்புப் பாடம். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தது 2020இல்.

கொரோனாவுக்குப் பிறகு 'கற்றல் இழப்பு' என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. 'ரெண்டு வருஷப் படிப்பு போச்சு' என்கிறார் ஒருவர். 'ஆன்லைனில்தான் எல்லாம் நடத்திவிட்டார்களே' என்கிறார் இன்னொருவர். 'பிள்ளைகள்தானே, தானாகப் பிடித்துக்கொள்வார்கள்' என்கிறார் மூன்றாமவர். மூன்று பேரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள், ஆனால் மூன்றுமே பாதி உண்மை. அந்தச் சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்று தெளிவாகாமல், அதைச் சரிசெய்வது எப்படி என்று பேசவே முடியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லின் பொருள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள், ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டுவிட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. வீட்டுக்குப் போன மாணவர்கள் 150 கோடிக்கும் மேல். கல்வியின் வரலாற்றில் இப்படி ஒரு நிறுத்தம் அதற்கு முன் நடந்ததில்லை.

அந்த நாள்களில் எந்தக் குழந்தைக்கும் மூளை சும்மா இருந்துவிடவில்லை. எல்லோரும் எதையாவது கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியிருக்க 'இழப்பு' என்று எதைச் சொல்கிறோம்? ஒரு குழந்தை வழக்கம்போலப் பள்ளிக்குப் போயிருந்தால் இன்று எந்த இடத்தில் இருந்திருக்குமோ, அந்த இடத்துக்கும் இப்போது அது நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் கற்றல் இழப்பு. ஒரு குழந்தை 2020இல் தெரிந்ததைவிட இன்று நிறையத் தெரிந்து வைத்திருக்கலாம். ஆனாலும் அந்தத் தூரம் இருக்கலாம்.

ஒரே பெயரில் மூன்று இழப்புகள்

ஒரு கூட்டம் மலைப்பாதையில் நடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வழிகாட்டி பேசிக்கொண்டே போகிறார். ஒருவர் காலில் முள் குத்திவிட, அவர் உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் நிற்கவில்லை. முள்ளை எடுத்துவிட்டு எழுந்து அவரும் அதே வேகத்தில்தான் நடக்கிறார். ஆனால் வழிகாட்டியின் குரல் அவருக்கு எட்டவில்லை. எந்தப் பிரிவில் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னார் என்பது தெரியாது. தவறான பக்கம் திரும்பி, திரும்பி வந்து, மறுபடி நடக்கிறார். உட்கார்ந்திருந்தது பத்து நிமிடம்தான். மாலையில் பார்த்தால் பின்தங்கியது ஒரு மணி நேரம்.

பள்ளி மூடியபோதும் இப்படித்தான் நடந்தது. முதல் இழப்பு மறதி: படித்ததில் கொஞ்சம் போய்விடுவது. இரண்டாவது, கற்காமல் விட்டது: அந்த மாதங்களில் நடந்திருக்க வேண்டிய பாடம் நடக்காமலே போனது. மூன்றாவது, பள்ளி திறந்த பிறகு வருகிறது. பாடம் முன்னே போய்விட்டதால், இப்போது நடத்துவது புரியாமல் போவது.

இவற்றில் மறதியைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். உண்மையில் மூன்றில் லேசானது அதுதான். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து பார்த்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். மறந்துவிட்டதாகத் தோன்றியவற்றைக்கூட இரண்டாம் முறை படிக்க அவருக்குக் குறைந்த நேரமே பிடித்தது. ஒருமுறை நன்றாக நுழைந்தது முழுதாக வெளியேறுவதில்லை. வாய்ப்பாடு மறந்த பிள்ளைக்கு இரண்டு வாரம் போதும். வாய்ப்பாடே கற்காத பிள்ளையின் கதை வேறு.

மூன்றாவது இழப்புதான் வளர்கிறது

இதற்குச் சான்று கொரோனாவுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 2005 அக்டோபர் 8 அன்று வடக்குப் பாகிஸ்தானில் பெரும் நிலநடுக்கம் வந்தது. பாதித்த பகுதிகளில் பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடியிருந்தன. நிவாரணம் வந்தது, வீடுகள் கட்டப்பட்டன, குழந்தைகள் மறுபடி பள்ளியில் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ச் சோதித்தபோது, அந்தப் பகுதிக் குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை ஆண்டுப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள்.

மூடியது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். இழந்தது ஒன்றரை ஆண்டு. மீதி எங்கிருந்து வந்தது? பள்ளி திறந்த பிறகு வந்தது. பாடத்திட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், காலண்டர் சொன்ன இடத்திலிருந்து தொடங்கியதால் வந்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் செய்த ஒரு கணித மாதிரியும் இதையே சொன்னது: மூன்றாம் வகுப்பில் மூன்று மாதப் பள்ளி போனால், யாரும் எதுவும் செய்யாமல் விட்டால், பத்தாம் வகுப்பில் அது ஓர் ஆண்டுப் பின்தங்கலாக நிற்கும்.

நோட்டுக்காரப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கழித்தல் தெரியாததால் வகுத்தல் தவறுகிறது. வகுத்தல் தவறினால் பின்னம் தடுமாறும், பின்னம் தடுமாறினால் சதவீதமும் விகிதமும் போகும். இரண்டாம் வகுப்பில் விழுந்த ஒரே ஓட்டைதான், ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வேறு பாடத்தின் பெயரில் வெளியே தெரிகிறது. 'இவளுக்குக் கணக்கு வராது' என்று ஒரு நாள் யாரோ சொல்லிவிடுவார்கள். அவளும் அதை நம்பிவிடுவாள். எனக்கு இதில் மிகவும் வலிப்பது அந்த நம்பிக்கைதான்.

இதுவரை பார்த்தது: கற்றல் இழப்பு என்பது மூடிய நாள்களின் கூட்டல் அல்ல. மறந்தது சீக்கிரம் திரும்பும். கற்காமல் விட்டதை யாராவது கற்றுத்தர வேண்டும். அதைக் கற்றுத்தராமல் பாடத்தை ஓட்டினால் இழப்பு வளரும்.

எல்லோருக்கும் ஒரே அளவா?

பள்ளி மூடல் எல்லோருக்கும் பொதுவானதுதானே, எல்லோரும் சேர்ந்துதானே பின்தங்கினார்கள் என்று கேட்கலாம். அப்படி நடக்கவில்லை. இந்த இடத்தில் சமத்துவம், சமநீதி என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகுப்பில் பார்வைக் குறைவு உள்ள பத்துக் குழந்தைகளுக்கும் ஒரே பவரில் கண்ணாடி வாங்கித் தந்தால் அது சமத்துவம். ஒவ்வொருவர் கண்ணையும் சோதித்து அவரவருக்கான பவரில் தந்தால் அது சமநீதி. முதலாவதில் கணக்கு நேராக இருக்கும். இரண்டாவதில்தான் கரும்பலகை தெரியும்.

பள்ளிக்கூடம் என்ற கட்டடம், எவ்வளவு குறைகள் இருந்தாலும், ஒரு சமன்செய்யும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரே வெளிச்சம், ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியர், ஒரே மணி. வீட்டில் எப்படி இருந்தாலும் அந்த ஐந்தாறு மணி நேரம் பொதுவானது. வீடே பள்ளியானபோது அந்தப் பொது நேரம் போய்விட்டது. வீடுகளுக்கு நடுவே இருந்த வித்தியாசம் அப்படியே படிப்பின் வித்தியாசம் ஆனது.

நெதர்லாந்தில் கிடைத்த தகவல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 2020இல் தொடக்கப் பள்ளிகள் எட்டு வாரம்தான் மூடியிருந்தன. இணைய வசதியில் உலகின் முன்னணி நாடு அது. மூடலுக்குச் சற்று முன்னும் பின்னும் நாடு முழுவதும் ஒரே மாதிரித் தேர்வு நடந்திருந்ததால் நேரடியாக ஒப்பிட முடிந்தது. சராசரி இழப்பு ஓர் ஆண்டுப் படிப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. பள்ளி மூடியிருந்த காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது வீட்டிலிருந்து படித்ததில் முன்னேற்றம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். அவ்வளவு வசதியான நாட்டிலேயே இப்படி.

சராசரி என்ற எண் எப்போதும் எதையோ மறைக்கும். ஒரு குழந்தைக்கு இழப்பே இல்லை, இன்னொரு குழந்தைக்கு இரண்டு ஆண்டு இழப்பு என்றாலும் சராசரி ஓர் ஆண்டு என்றுதான் வரும். எந்தக் குழந்தையின் கதையும் அந்த ஓர் ஆண்டில் இல்லை.

போன் இருந்தால் போதுமா?

யாரிடம் கருவியும் இணையமும் இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற வித்தியாசத்தை டிஜிட்டல் இடைவெளி என்கிறார்கள். யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 இறுதியில் வெளியிட்ட கணக்கின்படி, 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 130 கோடிப் பேர், வீட்டில் இணையம் இல்லாதவர்கள். உலகம் முழுவதும் 'ஆன்லைன் வகுப்பு நடக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டின் கணக்கு இது.

ஆனால் கருவியைக் கொடுத்துவிட்டால் இடைவெளி மூடிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். போன் ஒன்று. படிக்கிற பிள்ளைகள் மூன்று. வகுப்பு காலை பத்து மணிக்கு. போன் எட்டு மணிக்கே அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இரவு அது வீடு திரும்பும்போது வாட்ஸ்அப்பில் நாற்பது செய்திகள் காத்திருக்கின்றன. பெரிய பிள்ளைக்குத் தேர்வு ஆண்டு, அதனால் போன் முதலில் அவனுக்கு. கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது சார்ஜ் ஐந்து சதவீதம், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ஆசிரியர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறாள். எழுதியது என்ன என்று கேட்க ஆளில்லை. பள்ளியின் பதிவேட்டில் அந்தக் குழந்தை ஆன்லைன் வசதி உள்ள மாணவி.

கருவி, படிக்க ஓர் அமைதியான இடம், பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் என்று மூன்று வேண்டியிருந்தது. மூன்றாவதுதான் மிகவும் அரிது. பாகிஸ்தான் ஆய்வில் நான் மேலே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. தாய் தொடக்கக் கல்வியாவது முடித்திருந்த வீடுகளின் குழந்தைகளிடம் அந்த ஒன்றரை ஆண்டு இழப்பே காணப்படவில்லை. அந்தத் தாய்மார்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாலே போதும். ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் கிடைத்த எளிய பள்ளிப் படிப்பு, அடுத்த தலைமுறையைப் பேரிடரிலிருந்து காத்திருக்கிறது.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1937 செப்டம்பரில் போலியோ பரவியதால் அமெரிக்காவின் சிகாகோ நகரம் பள்ளிகளைத் திறக்கவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வானொலியில் கால் மணி நேரப் பாடங்கள் ஒலிபரப்பாகின. நாளிதழ்களில் அன்றைய பாடக் குறிப்புகள் அச்சாகின. சந்தேகம் கேட்கத் தொலைபேசி எண் இருந்தது. அப்போது எழுந்த கவலைகளைப் பாருங்கள்: சில வீடுகளில் வானொலி இல்லை, சில இடங்களில் சரியாகக் கேட்கவில்லை, மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் வேகமாக ஓடுகிறது. 83 ஆண்டு கழித்து கருவி மட்டும் மாறியிருந்தது.

சுருக்கமாக: பள்ளி மூடல் எல்லோருக்கும் பொது. அதன் அடி யார் மீது எவ்வளவு என்பதை வீடு தீர்மானித்தது. வீட்டில் போன் இருக்கிறதா என்பதைவிடப் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பது பெரிய வித்தியாசம்.

ஆசிரியருக்கு என்ன தொலைந்தது?

வகுப்பறையில் நல்ல ஆசிரியர் பேசும்போதே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் வரிசையில் ஒரு பென்சில் நின்றுவிட்டது. ஜன்னலோரம் ஒருத்தி பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறாள். உடனே வேகத்தைக் குறைப்பார், வேறு உதாரணம் சொல்வார். மாணவர் செய்வதைப் பார்த்து ஆசிரியர் அடுத்த அடியை மாற்றுவதும், அவர் சொல்வதைக் கேட்டு மாணவர் தன்னைத் திருத்திக்கொள்வதுமான இந்தப் போக்குவரத்துக்குப் பின்னூட்டம் என்று பெயர். கற்பித்தலில் பாதிக்கு மேல் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

திரையில் இது அறுந்துபோனது. கேமரா அணைந்த கறுப்புக் கட்டங்கள், மியூட்டில் நாற்பது பேர். 'புரிந்ததா?' என்று கேட்டால் இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். ஆசிரியர்கள் உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. ராத்திரி முழுக்க வீடியோ எடுத்து, சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து, ஒவ்வொரு வீடாகப் போன் போட்டவர்கள் அவர்கள். உழைப்பு போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் என்ன ஆனது என்ற செய்திதான் திரும்பி வரவில்லை.

திரும்பி வரும் வழியை எளிய கருவியிலும் உண்டாக்க முடியும் என்பதை போட்ஸ்வானாவில் செய்து காட்டினார்கள். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது சுமார் 4,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, சிலருக்கு வாரந்தோறும் எளிய கணக்குகளைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். வேறு சிலருக்குக் குறுஞ்செய்தியோடு வாரம் ஒருமுறை 15, 20 நிமிடம் சாதாரண போன் அழைப்பு. அழைப்பில் பெற்றோரும் குழந்தையும் ஒன்றாக உட்கார்ந்து அந்தக் கணக்குகளைப் போட்டார்கள். குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அழைப்பும் பெற்ற குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். இதற்கு ஸ்மார்ட்போனோ இணையமோ தேவைப்படவில்லை.

பள்ளி திறந்த பிறகு

திறந்ததும் பெரும்பாலான இடங்களில் நடந்தது ஒன்றுதான்: போர்ஷனை முடிக்கும் ஓட்டம். இரண்டு ஆண்டுப் பாடத்தை ஓர் ஆண்டில் திணித்தார்கள், சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் மலைப்பாதையில் பின்தங்கியவரிடம் 'இன்னும் வேகமாக நட' என்று முன்னாலிருந்து கத்துவது போன்றது அது. வழி தெரியாதவருக்கு வேகத்தால் என்ன பயன்?

மாற்று வழிக்கு நிலைக்கேற்ற கற்பித்தல் என்று பெயர். குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எது தெரிகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சோதிப்பது. ஒரு பத்தியைப் படிக்க முடிகிறதா, வாக்கியமா, சொல்லா, எழுத்தா? அதன்படி குழு பிரித்து, நாளுக்கு ஓரிரு மணி நேரம் அந்த இடத்திலிருந்து கற்றுத்தருவது. இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இதைப் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டு முன்பே உருவாக்கியது. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் நடக்கிறது. முன்பே ஏன் தேவைப்பட்டது என்று கேட்கலாம். பத்து வயதில் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலையைக் கற்றல் வறுமை என்று உலக வங்கி அழைக்கிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பெருந்தொற்றுக்கு முன்பே இது 57 சதவீதம். 2022இல் 70 சதவீதமாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கொரோனா ஏற்கெனவே இருந்த விரிசலைத்தான் அகலமாக்கியது.

இழந்ததை மீட்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆய்வாளர்கள் 2019இலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். 18 மாத மூடலுக்குப் பிறகு 2021 டிசம்பரில் பெரிய இழப்பு தெரிந்தது. மொழியைவிடக் கணக்கில் அதிகம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்பில் சுமார் கால் பங்குக்குக் காரணம், தன்னார்வலர்கள் குழந்தைகளின் வீட்டருகே மாலையில் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகள். 'தானாகப் பிடித்துக்கொள்வார்கள்' என்று சொன்னவருக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. பிடித்துக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருந்தது. கை கொடுத்த இடத்தில் மீட்பு கூடியது.

பெரிய பிள்ளையைச் சின்ன வகுப்புப் பாடத்துக்கு இறக்கினால் அவமானப்பட மாட்டாளா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அது சொல்லும் விதத்தில் இருக்கிறது. 'உனக்கு இதுகூடத் தெரியாதா' என்று தொடங்கினால் அவமானம்தான். 'இந்தப் பாடம் நடந்தபோது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, உன் தப்பு இல்லை' என்று தொடங்கினால் முகமே மாறிவிடும்.

நோட்டுக்காரப் பெண்ணிடம் நான் அதைத்தான் சொன்னேன். பத்துப் பத்துக் குச்சிகளாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டும், இரண்டு உதிரிக் குச்சிகளும் வைத்தோம். 52. அதிலிருந்து 46 எடு என்றேன். முதலில் ஆறு உதிரிக் குச்சி வேண்டும், இருப்பது இரண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 'ஒரு கட்டைப் பிரிக்கலாமா?' என்று கேட்டாள். பிரித்தாள். பன்னிரண்டு உதிரி, அதில் ஆறை எடுத்தாள். மிச்சமிருந்த நான்கு கட்டையும் எடுத்தாள். தரையில் ஆறு குச்சி. நோட்டை இழுத்து 14ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதி, 9ஐ இறக்கி 69 ஆக்கினாள். 23 எத்தனை முறை போகும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியபோது, குச்சிகளைத் தானாகவே ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள்.